சாணத்தை நஞ்சாக்கியது யார்?

பஞ்சாபின் தொழில் நகரமான லூதியானாவின் ஊடே சுமார் 14 கிலோமீட்டர் ஓடி, பின்னர் சட்லெஜ் ஆற்றில் கலக்கிறது புட்டா நாலா. ஒரு காலத்தில் நன்னீர் ஓடையாக இருந்த அது, இன்று கறுத்த கழிவுநீர்க் கால்வாய். சாயப்பட்டறைக் கழிவும், மின்முலாம் பூசும் பட்டறைகளின் நச்சு உலோகங்களும், நகரத்தின் சாக்கடையும் அதில் கலப்பதை நாடறியும். நான்காவதாக ஒன்றும் கலக்கிறது. தாஜ்பூர் சாலை, ஹைபோவால் ஆகிய இரு பால்பண்ணைத் தொகுதிகளிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக் கழுவித் தள்ளப்படும் சாணமே அது. இந்த நீர் சட்லெஜ் வழியே ஹரிகே தடுப்பணையை அடைந்து, அங்கிருந்து கால்வாய்களில் தெற்குப் பஞ்சாபுக்கும், ராஜஸ்தானின் ஸ்ரீகங்காநகர், ஹனுமான்கர் மாவட்டங்களுக்கும் பாசன நீராகவும் குடிநீராகவும் செல்கிறது.

புட்டா நாலாவை மீட்பதற்கென 2020ஆம் ஆண்டின் இறுதியில் சுமார் 650 கோடி ரூபாய்த் திட்டம் தொடங்கப்பட்டது. நாளொன்றுக்கு 22.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் கட்டப்பட்டது. இரு பால்பண்ணைத் தொகுதிகளுக்கும் தனித்தனிச் சுத்திகரிப்பு நிலையங்கள் திட்டத்தில் சேர்க்கப்பட்டன. ஆயினும் ஓடை கறுப்பாகவே ஓடியது. 2024 டிசம்பரில் ‘காலே பாணி தா மோர்ச்சா’ என்ற பெயரில், அதாவது கருந்தண்ணீருக்கு எதிரான போராட்டமாக, மக்கள் லூதியானாவில் திரண்டபோது காவல்துறை அவர்களைத் தடுத்து நிறுத்தியது. பலரைப் பிடித்து வைத்தது. சாயப்பட்டறை முதலாளிகள் பால்பண்ணைகளைக் குற்றம் சாட்டுகின்றனர். பால்பண்ணை உரிமையாளர்கள் சாயப்பட்டறைகளைக் கைகாட்டுகின்றனர். அரசோ இருவருக்கும் நடுவே நின்று நோட்டீஸ் அனுப்புகிறது.

சாயக்கழிவு பற்றி நாம் பலமுறை பேசியிருக்கிறோம். சாணம் பற்றிப் பேசுவது அரிது. ஆயிரமாயிரம் ஆண்டுகளாக உழவரின் செல்வமாக இருந்த தொழுவுரம், ஆற்றைக் கொல்லும் மாசாக மாறியது எவ்வாறு? இக்கேள்வி நமது வேளாண் நெருக்கடியின் மையத்திற்கே நம்மை இட்டுச் செல்கிறது.

ஒரே சத்து, இரு வேறு விதி

2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 19 கோடிக்கு மேற்பட்ட மாடுகளும், ஏறத்தாழ 11 கோடி எருமைகளும் உள்ளன. சுமார் 400 கிலோ எடையுள்ள ஒரு மாடு நாளொன்றுக்கு 15 முதல் 20 கிலோ சாணமும், ஏறத்தாழ அதே அளவு சிறுநீரும் வெளியேற்றும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்கு. கன்றுகளையும் மெலிந்த மாடுகளையும் கருதிச் சராசரியாக 10 கிலோ என்று குறைத்துக் கொண்டாலும், நாடு முழுவதும் அன்றாடம் 30 லட்சம் டன் சாணம் சேர்கிறது.

ஒரு டன் பச்சைச் சாணத்தில் சுமார் 3 முதல் 5 கிலோ வரை தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், உண்டு. மணிச்சத்தான பாஸ்பரசும், சாம்பல்சத்தான பொட்டாசும் உடன் உள்ளன. வயலில் விழுந்தால் இவை பயிரை வளர்க்கும். ஓடையில் விழுந்தால் பாசியையும் ஆகாயத்தாமரையையும் வளர்க்கும். அவை மடிந்து அழுகும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடுகின்றன. மீன்கள் செத்து மிதக்கின்றன. நிலத்திற்குள் இறங்கும் நைட்ரஜன், நைட்ரேட்டாக மாறிக் கிணற்று நீரை அடைகிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கலாகாது என்பது நமது தர அளவு. அது மிகும்போது கைக்குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து, உடல் நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு.

மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை, நாடெங்கும் எடுக்கப்பட்ட மாதிரிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் நைட்ரேட் வரம்பு மீறியிருப்பதாகக் கூறுகிறது. ராஜஸ்தானிலும் கர்நாடகத்திலும் இது பாதியை நெருங்குகிறது. தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்கிற்கும் அதிகம். இரசாயன உரம், சாக்கடை, கால்நடைக் கழிவு ஆகிய மூன்றுமே இதற்குக் காரணிகள். கைக்குழாயையும் திறந்த கிணற்றையும் நம்பி வாழும் ஏழை மக்களே இதன் முதல் பலிகள். புட்டியில் அடைத்த நீரை வாங்குவோரை இது தொடுவதில்லை.

இதே வேளையில் நமது நாடு பொட்டாஷ் உரத்திற்கு ஏறத்தாழ முழுமையாக இறக்குமதியை நம்பி நிற்கிறது. பாஸ்பேட்டிலும் பெரும்பகுதி வெளியிலிருந்து வருகிறது. யூரியா உள்நாட்டில் தயாரானாலும் அதற்கான எரிவாயு கப்பலில் வருகிறது. 2022-23ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் விலை எகிறியபோது உர மானியம் 2.5 லட்சம் கோடி ரூபாயைத் தொட்டது. டாலர் கொடுத்து வாங்கும் அதே சத்தை, லூதியானாவிலும் டெல்லியிலும் நாம் சாக்கடையில் விடுகிறோம். ஹெக்டேருக்கு மிக அதிகமாக இரசாயன உரம் இடும் மாநிலங்களின் வரிசையில் முன்னே நிற்பது பஞ்சாப் என்பது இம்முரண்பாட்டைக் கூர்மைப்படுத்துகிறது. ஒரே மாவட்டத்தில், சில கிலோமீட்டர் இடைவெளியில், ஓடைக்குச் சத்து மிகையாகவும் மண்ணுக்கு உயிர்ச்சத்து பஞ்சமாகவும் இருக்கிறது.

நிலத்திலிருந்து பிரிந்த மாடு

இது தற்செயலாக நிகழ்ந்ததல்ல. மாடும் வயலும் ஒரே குடும்பத்தின் கையில் இருந்தவரை சாணம் கழிவாகவில்லை. வைக்கோல் தொழுவத்திற்குச் சென்றது. எரு வயலுக்குத் திரும்பியது. உழவு மாட்டின் இடத்தை டிராக்டர் பிடித்தது. பல பயிர் போய் நெல்லும் கோதுமையும் மட்டுமே நின்றன. நகரங்களின் பால் தேவை பெருகியது. பால்மாடுகள் நிலமற்ற நகர விளிம்புகளில் நெருக்கமாகக் குவிக்கப்பட்டன. தீவனம் வெளியிலிருந்து லாரியில் வருகிறது, பால் கேனில் வெளியேறுகிறது. சாணம் மட்டும் போக இடமின்றி நிற்கிறது.

ஜெர்மன் வேதியியலாளர் லீபிக்கின் ஆய்வுகளை ஊன்றிப் படித்த மார்க்ஸ் இதனை அன்றே கண்டார். முதலாளித்துவ உற்பத்தி மக்களைப் பெருநகரங்களில் குவிப்பதன் மூலம், மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட சத்துகள் மண்ணுக்கே திரும்பும் சுழற்சியை அறுக்கிறது என்று ‘மூலதனம்’ முதல் தொகுதியில் விளக்கினார். லண்டன் மாநகரம் மனிதக் கழிவை வயலுக்கு அனுப்ப வழியறியாது தேம்ஸ் ஆற்றை மாசுபடுத்தப் பெரும் பொருள் செலவழிப்பதை மூன்றாம் தொகுதியில் சுட்டிக்காட்டினார். தேம்ஸுக்குப் பதில் புட்டா நாலா என்று மாற்றிக்கொண்டால் போதும். அந்த வாதம் இன்றைய இந்தியாவுக்கு அப்படியே பொருந்தும்.

இப்போக்கு முழு வளர்ச்சி பெற்றால் என்னவாகும் என்பதற்கு அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் சான்று. பல்லாயிரம் பன்றிகளைக் கொட்டடியில் அடைத்து வளர்க்கும் அங்குள்ள பண்ணைகளில், கழிவு திறந்த குளங்களில் தேக்கப்படுகிறது. 1995இல் அத்தகைய ஒரு குளத்தின் கரை உடைந்து, 9 கோடி லிட்டருக்கும் மேற்பட்ட கழிவு வெளியேறி நியூ ஆற்றில் கலந்தது. ஏராளமான மீன்கள் மடிந்தன. 2018இல் ஃபுளோரன்ஸ் புயலில் டஜன் கணக்கான குளங்கள் நிரம்பி வழிந்தன. இறைச்சி நிறுவனம் பன்றிகளுக்கு உரிமையாளர். கழிவுக்கு உரிமையாளரோ ஒப்பந்த விவசாயி. நாற்றத்தையும் நோயையும் சுமப்பவர்கள் அருகில் வாழும் கறுப்பின, ஏழை உழைப்பாளிகள். லாபம் ஓரிடத்திலும் கழிவு வேறிடத்திலும் சேர்வதே இந்த முறையின் சாரம். இதைத்தான் நவீனம் என்று நமக்கும் விற்க முயல்கிறார்கள்.

எரிவாயு எடுத்தால் மட்டும் போதுமா?

ஒன்றிய அரசு இதற்கு வைத்திருக்கும் ஒற்றை விடை சாண எரிவாயு. 2018இல் ‘கோபர்தன்’ திட்டம் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ‘சதத்’ திட்டத்தின் கீழ் 5,000 அழுத்த உயிரி எரிவாயு ஆலைகள் என்ற இலக்கு முழங்கப்பட்டது. அதில் ஒரு சிறு பகுதியே நிறைவேறியது. 2023-24 பட்ஜெட்டில் 10,000 கோடி ரூபாய் முதலீட்டில் 500 ஆலைகள் என்று புதிதாக அறிவிக்கப்பட்டது. அதானி, ரிலையன்ஸ் குழுமங்கள் இத்துறைக்குள் நுழைந்துவிட்டன.

சாண எரிவாயு நல்ல தொழில்நுட்பம். அதை நாம் எதிர்க்கவில்லை. மீத்தேன் காற்றில் கலப்பது குறைகிறது. அடுப்புக்கு எரிபொருள் கிடைக்கிறது. ஆனால் ஓர் அடிப்படை உண்மையை அரசின் விளம்பரங்கள் மறைக்கின்றன. கலனுக்குள் நுண்ணுயிர்கள் தின்பது சாணத்தின் கரிமப் பொருளைத்தான். நைட்ரஜனும் பாஸ்பரசும் ஏறக்குறைய முழுவதுமாகச் செரித்த சாணக் கூழில் தங்கிவிடுகின்றன. அந்தக் கூழ் வயலுக்குப் போகவில்லை என்றால், எரிவாயு எடுத்த பிறகும் ஓடைக்கு அதே மாசுதான்.

இதற்கும் லூதியானாவே பாடம். ஹைபோவாலில், நாளொன்றுக்கு 235 டன் சாணத்தைக் கொண்டு 1 மெகாவாட் மின்சாரம் தயாரிக்கும் நிலையம் இருபது ஆண்டுகளுக்கு முன்பே பொதுப்பணத்தில் அமைக்கப்பட்டது. நாட்டுக்கே முன்மாதிரி என்று அது போற்றப்பட்டது. அத்தனைக்குப் பிறகும் அதே பகுதியின் சாணம் ஓடையின் பிரச்சனையாகவே நீடிக்கிறது. 235 டன் சாணத்தில் குறைந்தது 700 கிலோ நைட்ரஜன் இருக்கும். 45 கிலோ யூரியா மூட்டையாகக் கணக்கிட்டால் அன்றாடம் 30 மூட்டைகளுக்கும் அதிகம். ஆண்டுக்குப் பத்தாயிரம் மூட்டைகளைத் தாண்டும். இச்சத்தை வயலுக்கு யார் கொண்டு செல்வது, அதற்கான செலவு யாருடையது என்ற கேள்விக்கு விடையளிக்காத எந்தத் திட்டமும் பாதியில்தான் நிற்கும்.

ஏனெனில் கூழில் பெரும்பகுதி தண்ணீர். அதை நெடுந்தூரம் சுமப்பது எந்தத் தனியாருக்கும் கட்டுபடியாகாது. எரிவாயுவை விற்றால் லாபம், கூழைச் சுமந்தால் நட்டம் என்ற நிலையில் தனியார் ஆலை எதைச் செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆலையிலிருந்து கிடைக்கும் உரத்திற்கு டன்னுக்கு 1,500 ரூபாய் சந்தை உதவி என்று 2023 ஜூனில் அமைச்சரவை முடிவெடுத்தது. அதற்கான ஒதுக்கீடு மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்து 1,451.84 கோடி ரூபாய். 2022-23ஆம் ஆண்டின் உர மானியத்தில் ஒரு விழுக்காட்டைக்கூட இது எட்டவில்லை. உடன் அறிவிக்கப்பட்ட ‘பிஎம்-பிரணாம்’ திட்டத்திற்குத் தனி நிதியே கிடையாது. மாநிலங்கள் உரப் பயன்பாட்டைக் குறைத்தால் மிச்சமாகும் மானியத்தில் பாதி தரப்படுமாம். விவசாயியின் உர மானியத்தை வெட்டுவதே இதன் உள்நோக்கம். மாற்று உரம் கைக்கு வருமுன் உரத்தைப் பறித்தால் என்ன நேரும் என்பதை 2021இல் இலங்கை விவசாயிகள் பட்டறிந்தார்கள்.

மக்களின் ஒப்புதலின்றி ஆலைகளைத் திணிப்பதும் பயன் தராது. 2024இல் லூதியானா மாவட்டத்தின் பல கிராமங்களில் எரிவாயு ஆலைகளுக்கு எதிராக மக்கள் மாதக்கணக்கில் போராடினார்கள். புட்டா நாலாவைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். சுத்திகரிப்போம் என்ற வாக்குறுதியை அவர்கள் நம்ப மறுப்பதில் வியப்பில்லை.

தண்டனை யாருக்கு?

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுகளை அடுத்து, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020இல் பால்பண்ணைகளுக்கும் கோசாலைகளுக்கும் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. 2021இல் அவை திருத்தப்பட்டன. சாணத்தை வடிகாலில் விடலாகாது, தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும், எரு தயாரிக்க வேண்டும் என்பன சரியான விதிகளே. ஆனால் பத்து எருமை வைத்திருப்பவர் அதற்கான இடத்திற்கும் முதலுக்கும் எங்கே போவார்? ஆயிரம் மாடு வைத்திருப்பவருக்கும் அவருக்கும் ஒரே வகை நோட்டீஸ் போகும்போது, முன்னவர் வழக்கறிஞரை அமர்த்துகிறார். பின்னவர் மாட்டை விற்கிறார்.

டெல்லியில் பல பத்தாண்டுகளுக்கு முன் நிர்வாகமே ஒதுக்கித் தந்த பால்பண்ணைக் குடியிருப்புகளில் காஜிப்பூரும் பால்ஸ்வாவும் இன்று குப்பை மலைகளின் அடிவாரத்தில் உள்ளன. மாடுகள் குப்பையைத் தின்கின்றன. அந்தப் பால் குழந்தைகளுக்குப் போகிறது. இவற்றை இடம் மாற்ற வேண்டும் என்று 2024இல் டெல்லி உயர்நீதிமன்றம் வலியுறுத்தியதில் நியாயம் உண்டு. எனினும் சாணக் கட்டமைப்பு இல்லாத இன்னொரு விளிம்புக்கு மாடுகளை ஓட்டிச் செல்வது, ஒரு வடிகாலின் மாசை வேறு வடிகாலுக்கு மாற்றுவதாகவே முடியும்.

இத்தொழுவங்களில் சாணம் அள்ளுவோரில் பெரும்பாலோர் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த புலம்பெயர் தொழிலாளர்கள். அவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி இல்லை, காலணிகூட இல்லை. சாணக் குழிகளிலும் எரிவாயுக் கலன்களிலும் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு ஒரு மூச்சில் ஆளைச் சாய்க்கும் நச்சு. கிராமங்களிலோ இவ்வேலை ஏறக்குறைய முழுவதும் பெண்களின் தலையில். அதற்குக் கூலியே கிடையாது. சுற்றுச்சூழல் நெறிமுறைகளில் இவர்களைப் பற்றிய அக்கறை இடம்பெறுவதே இல்லை.

நெதர்லாந்தின் அனுபவத்தையும் நாம் கருத்தில் கொள்ள வேண்டும். கால்நடை நைட்ரஜனைக் கட்டுப்படுத்த 2019க்குப் பின் அந்நாட்டு அரசு எடுத்த நடவடிக்கைகள், தீவன நிறுவனங்களையும் வங்கிகளையும் தொடாமல் பண்ணைகளை மூடுவதில் குவிந்தன. விவசாயிகளின் கோபத்தை வலதுசாரிகள் அறுவடை செய்தார்கள். 2023 மாகாணத் தேர்தல்களில் விவசாயிகளின் பெயரால் எழுந்த புதிய வலதுசாரிக் கட்சி முதலிடம் பிடித்தது. சூழலியலை உழைப்பாளிக்கு எதிராக நிறுத்தினால், இறுதியில் இரண்டும் தோற்கும்.

பசுவின் பெயரால்

பசுவை அரசியல் மூலதனமாக்கிய பாஜக ஆட்சிக்குச் சாணம் பற்றிய பேச்சில் குறைவில்லை. சாணத்தால் செய்த சில்லு கைபேசியின் கதிர்வீச்சைக் குறைக்கும் என்று ராஷ்ட்ரிய காமதேனு ஆயோக்கின் தலைவர் 2020இல் அறிவித்தார். விஞ்ஞானிகள் நூற்றுக்கணக்கில் எழுந்து ஆதாரம் கேட்டார்கள். மாட்டு வதைத் தடைச் சட்டங்களும் கும்பல் வன்முறையும் கறவை வற்றிய மாட்டை விற்கும் வழியை அடைத்துவிட்டன. 2019 கணக்கெடுப்பின்படியே 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் தெருவில் திரிந்தன. அவற்றைக் கூட்டி அடைக்கும் கோசாலைகளும் நிலமற்ற, கழிவுக் கட்டமைப்பற்ற புதிய சாணக் குவியல்களாகின்றன. மாட்டைத் தெய்வம் என்போரால், அந்த மாட்டின் சாணத்தை வயலுக்குக் கொண்டு சேர்க்க முடியவில்லை.

செய்ய முடியும் என்பதற்கு முன்னுதாரணங்கள் உண்டு. சத்தீஸ்கரில் 2020இல் தொடங்கிய கோதன் நியாய் திட்டத்தில் அரசே கிலோ 2 ரூபாய்க்குச் சாணம் வாங்கியது. மகளிர் குழுக்கள் மண்புழு உரம் தயாரித்தன. குறைபாடுகள் இருந்தன, அவற்றைக் களைவதற்கு மாறாக, 2023 இறுதியில் ஆட்சி மாறியதும் திட்டமே கைவிடப்பட்டது. குஜராத்தின் பனஸ்காந்தா மாவட்டத்தில் பால் கூட்டுறவு ஒன்றியம், உறுப்பினர்களிடம் கிலோ ஒரு ரூபாய்க்குச் சாணம் வாங்கி நாளொன்றுக்கு 40 டன் கையாளும் ஆலையை நடத்துகிறது. ஆனந்த் மாவட்டத்தின் சில கிராமங்களில் வீட்டுக்கு வீடு சிறு எரிவாயுக் கலன் அமைத்து, மிகுதிக் கூழைப் பெண்களின் கூட்டுறவு வாங்கி உரமாக்கி விற்கிறது. பால் சேகரிக்கும் அதே கூட்டுறவு வலைப்பின்னல் சாணத்தையும் சேகரிக்க முடியும் என்பதே இவற்றின் பாடம்.

நமது கோரிக்கைகள்

ஊட்டச்சத்து மாசைக் குறைப்பது முதன்மையாகப் போக்குவரத்து, சேமிப்பு, உடைமை ஆகியவை பற்றிய பிரச்சனை. இவ்வடிப்படையில் பின்வரும் கோரிக்கைகளை நாம் முன்வைக்க வேண்டும்.

முதலாவதாக, ஒவ்வொரு பால்பண்ணைத் தொகுதிக்கும் பொதுச் செலவில் சாணச் சேகரிப்பு, திடப்பொருளையும் நீரையும் பிரிக்கும் இயந்திரம், கசிவில்லாத, மூடிய, மழைக்கால முழுவதற்கும் போதுமான சேமிப்புத் தொட்டி ஆகியவை வேண்டும். மணிச்சத்தின் கணிசமான பகுதி திடப்பொருளில் சேர்வதால் அதைக் காயவைத்துத் தொலைவிலுள்ள வயல்களுக்கு அனுப்பலாம். தழைச்சத்தும் சாம்பல்சத்தும் நிறைந்த நீரை அருகிலுள்ள தீவனப் பயிருக்குப் பாய்ச்சலாம்.

இரண்டாவதாக, பொது உதவி பெறும் எந்த எரிவாயு ஆலையும், வெளியேறும் கூழின் ஒவ்வொரு டன்னும் எந்த வயலைச் சென்றடைந்தது என்பதற்குக் கணக்குக் காட்ட வேண்டும். எரிவாயுவின் அளவை மட்டும் வைத்து மானியம் வழங்குவது நிறுத்தப்பட வேண்டும்.

மூன்றாவதாக, இரசாயன உர மானியத்தைக் குறைக்காமலேயே, எருவுக்கும் அதன் போக்குவரத்துக்கும் தனி மானியம் வழங்கப்பட வேண்டும். சாணத்திற்குக் கூட்டுறவுகள் மூலம் உறுதியான விலை வேண்டும்.

நான்காவதாக, கட்டுப்பாட்டு விதிகள் மாட்டின் எண்ணிக்கைக்கேற்ப வேறுபட வேண்டும். பெரும் பண்ணைகளும், அவற்றிடம் பால் வாங்கும் நிறுவனங்களும் கழிவுச் செலவை ஏற்க வேண்டும். சிறு வளர்ப்போருக்குத் தண்டத்திற்கு முன் கட்டமைப்பு தரப்பட வேண்டும்.

ஐந்தாவதாக, சாணம் அள்ளும் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியும், பாதுகாப்புக் கருவிகளும், விபத்து இழப்பீடும் சட்டப்படி உறுதி செய்யப்பட வேண்டும். கலனுக்குள் மனிதர் இறங்குவது தடை செய்யப்பட வேண்டும்.

தோழர்களே, மூன்று வேளாண் சட்டங்களை முறியடித்த பஞ்சாப் விவசாயிகளும், நாலாவின் கரையில் நோயுறும் தொழிலாளர் குடும்பங்களும், கால்வாயின் மறுமுனையில் கறுத்த நீரைக் குடிக்கும் ராஜஸ்தான் மக்களும் ஒருவருக்கொருவர் எதிரிகள் அல்லர். அவர்களை எதிரெதிராக நிறுத்தும் வேலையை ஆளும் வர்க்கம் செய்துகொண்டிருக்கிறது. அவர்களை ஒரே கோரிக்கையின் கீழ் திரட்டுவது விவசாயிகள் சங்கத்தின், விவசாயத் தொழிலாளர் சங்கத்தின், தொழிற்சங்கங்களின், மாதர் அமைப்புகளின் கூட்டுப் பணி. நாம் வாழும் ஊரில் சாணம் எங்கே போகிறது, கோழிப்பண்ணை எச்சம் எங்கே கொட்டப்படுகிறது, கிணற்று நீரில் நைட்ரேட் எவ்வளவு என்று கேட்டறிவதிலிருந்து கிளைகள் இப்பணியைத் தொடங்கலாம். மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்குத் திருப்பித் தரும் உரிமைக்காக நடக்கும் இப்போராட்டம், நிலத்திற்கும் நீருக்கும் உழைப்புக்குமான போராட்டத்தின் பிரிக்க முடியாத பகுதி.